ஆறு பேருக்கு ஒரே சாவி

எங்கள் ஆய்வுக் குழுவில் ஆறு பேர். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்க ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, வாங்கினோம். 'அட்மின்' என்ற ஒரே கணக்கையும் பாஸ்வேர்டையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். வேலை சுலபமா முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

ஒருநாள் காலையில் ஏழு மாத ஸ்கேன் இருந்த ஃபோல்டரைக் காணோம். பெட்டியின் பதிவேட்டில் உள்ளே வந்தவர் பெயர் மட்டும்தான் இருந்தது. எல்லா வரியிலும் 'அட்மின்'. முந்தின நாள் கடைசியாக வேலை பார்த்தது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. எல்லார் பார்வையும் அவன் மேல். "நான் தொடவே இல்லண்ணே" என்றான். அது உண்மைன்னு காட்டவும் வழியில்லை, பொய்ன்னு காட்டவும் வழியில்லை. சாயங்காலம் பார்த்தால், அது பக்கத்து ஃபோல்டருக்குள் கிடக்கிறது. யாரோ மவுஸால் தவறுதலாக இழுத்து விட்டிருக்கிறார்கள். நானாகவும் இருக்கலாம்.

அதற்கப்புறம் மாற்றியமைத்தவை இவை:

1. ஆளுக்கொரு கணக்கு. அட்மின் கணக்கு பெட்டியைப் பராமரிக்க மட்டும். யார் எந்தக் கோப்பை நகர்த்தினார், அழித்தார் என்ற பதிவையும் ஆன் பண்ணினேன்.

2. உரிமை ஆளுக்கு அல்ல, குழுவுக்கு. 'ஸ்கேன் செய்வோர்' எழுதலாம், 'வாசிப்போர்' படிக்கலாம். புது ஆள் வந்தால் குழுவில் சேர்த்தால் போதும்.

3. கதவு இரண்டு. எங்கள் பெட்டிக்குள் லினக்ஸ். அதன்மேல் விண்டோஸ் கணினிகளோடு பேசும் சம்பா மென்பொருள். பகிர்வுக்கு ஒரு உரிமை, கோப்புக்கு ஒரு உரிமை. இரண்டும் அனுமதித்தால்தான் எழுத முடியும். "எனக்கு உரிமை இருக்கு, ஆனா சேவ் ஆகல" என்று யாராவது சொன்னால் இரண்டையும் பாருங்கள்.

4. செட்ஜிட். ஃபோல்டரில் இதைப் போடாவிட்டால், புதுக் கோப்பு உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். மற்றவர்கள் திருத்த முடியாது. போட்டால் ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்திய கோப்பு பழைய உரிமையோடேயே வரும். நகர்த்திய பிறகு சரிபார்க்க வேண்டும்.

5. எஸ்எம்பி முதல் பதிப்பை அணைத்தேன். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை நுழைந்தது விண்டோஸில் அந்தப் பதிப்பு இயங்கிய விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

6. தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், வாரம் ஒரு நகல் வேறொரு வட்டில். ரெய்டு இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஒரு வட்டு பழுதானால் ரெய்டு காப்பாற்றும். நாம் அழித்ததை அதுவும் சேர்ந்தே அழிக்கும்.

எல்லாம் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. அந்தத் தம்பியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்டேன். தனிக் கணக்கு யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. தப்பு செய்யாதவனைக் காப்பாற்றத்தான்னு அன்றைக்குப் புரிஞ்சுது.