பிள்ளை சைக்கிள் ஓடப் பழகும் பருவம்

"எங்கள் பிள்ளைக்கு எத்தனையாவது வயதில் சைக்கிள் பழக்கலாம்?" என்று பெற்றோர் பலர் வினவுவதுண்டு. வேறு சிலர் எவரையும் வினவாமலே, பிறந்தநாளன்று ஒரு சைக்கிளை வாங்கி முற்றத்தில் நிறுத்திவிட்டு, பொழுது சாய்வதற்குள் பிள்ளை ஓடிவிட வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். இன்னுஞ் சிலர், விழுந்துவிடுமே என்ற அச்சத்தினால், பதினைந்து வயதுவரை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இம்மூவகையினரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சைக்கிளோட்டம் வயதினால் மட்டும் வருவதன்று, படிமுறையினால் வருவது. அப்படிமுறை சரியாக அமைந்தால் கற்றல் எளிது. அது மாறினால் அழுகையும் காயமுமே மிகுதி.

நிற்கும் சைக்கிளைக் கைவிட்டால் விழுந்துவிடுகிறது. ஓடும் சைக்கிள் விழுவதில்லை. இதன் மர்மம் யாது? வண்டி இடப்புறம் சாயத் தொடங்கியதும், பழகியவன் தன்னையறியாமலே ஹாண்டிலைச் சிறிது இடப்புறமாகவே திருப்புகிறான். உடனே சில்லுகள் சாயும் உடலின் கீழே சென்று அதனைத் தாங்கிக்கொள்கின்றன. வலப்புறம் சாய்ந்தால் வலப்புறம் திருப்புகிறான். இவ்வாறு கணந்தோறும் விழத் தொடங்கி, கணந்தோறும் தன்னைத் தாங்கிக்கொண்டு செல்வதே சைக்கிளோட்டம். புதிதாகப் பழகும் பிள்ளையோ இடப்புறம் சாய்ந்தவுடன் அஞ்சி, ஹாண்டிலை வலப்புறம் திருப்புகிறது; அதனாலேயே விழுகிறது. இன்னுமொன்று: மெல்ல ஓடும்போது ஹாண்டிலைப் பெரிதாகத் திருப்ப வேண்டும், சற்று விரைந்து ஓடும்போது சிறு திருப்பமே போதும். ஆகவே, "மெல்ல, மெல்ல" என்று பின்னால் நின்று கூவுவது பிள்ளையின் வேலையைக் கடினமாக்குவதன்றி எளிதாக்குவதன்று.

இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுத்தாற் பிள்ளை பழகிவிடுமோ எனின், பழகாது. 1903 ஆம் ஆண்டில் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், அதற்கு முன்னர் அமெரிக்காவிலே சைக்கிள் செய்து விற்றவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், சைக்கிளில் இடப்புறம் திரும்புவது எவ்வாறு எனப் பலரைக் கேட்டும், முற்றுஞ் சரியாக விடை கூறியவர் எவரையும் கண்டிலர். எல்லோரும் சரியாகவே திரும்பினர்; ஆனால் தாம் செய்வதை எடுத்துரைக்க அவர்களால் இயலவில்லை. மைக்கேல் பொலன்யி என்னும் அறிஞரும் 1958 இல் வெளியிட்ட தமது நூலில், சொல்லில் அடங்காத அறிவுக்குச் சைக்கிளோட்டத்தை உதாரணமாகக் காட்டினார். வகுப்பறையில் வரைவிலக்கணத்தை முதலிற் கூறி, உதாரணத்தைப் பின்னர்க் கூறும் வழக்கமுடைய எம்போன்ற ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடம். சைக்கிள் விஷயத்தில் உடல் முதலிற் கற்கிறது. அறிவு பின்னரே வந்து சேர்கிறது.

உடல் எதனை முதலிற் கற்க வேண்டும் என்பதைச் சைக்கிளின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. கார்ல் டிறைஸ் என்னும் ஜெர்மானியர் 1817 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆந் தேதி மன்ஹைம் நகரிலிருந்து ஓட்டிச் சென்ற வண்டிக்கு இரு சில்லுகளும் ஓர் இருக்கையும் ஹாண்டிலும் இருந்தனவேயன்றிப் பெடல் இருக்கவில்லை. ஏறி அமர்ந்து, நிலத்தைக் காலால் உந்தி உந்தியே அவர் ஓடினார். முன்சில்லில் பெடல் பூட்டிய வண்டிகள் 1860 களிலேயே பிரான்சிற் பரவின. ஒத்த அளவான இரு சில்லுகளும் செயினும் கொண்டு, இன்றைய சைக்கிளுக்கு முன்மாதிரியான வண்டியை 1885 இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி அமைத்தார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் டன்லொப், தம் மகன் ஓட்டிய முச்சக்கர வண்டியின் அதிர்ச்சியைக் குறைக்க எண்ணியே காற்றடைத்த ரயரைச் செய்தார். மனிதகுலம் இரு சில்லுகளின்மேல் சமநிலையை முதலிற் கற்றது; மிதிப்பதை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்தே கற்றது.

நம் கிராமத்துப் பிள்ளைகளும் இவ்வரிசையிலேயே பழகி வந்தனர் என்பது வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்து வீடுகளிற் சிறுவர்க்கெனத் தனிச் சைக்கிள் இல்லாத காலத்தில், தகப்பனாரின் இருபத்தெட்டு அங்குலச் சைக்கிளே பள்ளிக்கூடமாயிற்று. முதலில் அதனைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையில் நடப்பர். வண்டியின் பாரமும் சாய்வும் கைக்குப் பழகும். பின்னர் ஒரு காலை இடப் பெடலில் வைத்து, மறு காலால் நிலத்தை உந்தி வழுக்கிச் செல்வர். சமநிலை உடலுக்குப் பழகும். அதன் பின்னரே, 'பார்' என்று நாம் வழங்கும் நடுக்குழாய்க்கு அடியால் வலக்காலை நுழைத்து, அரைவட்டம் மிதித்து ஓடுவர். இதனையே தமிழ்நாட்டார் குரங்குப் பெடல் என்பர். பாருக்கு மேலாற் காலைப் போட்டு மிதிப்பதும், இருக்கையில் அமர்வதும் கடைசிப் படிகள். எவரும் எழுதி வைக்காத பாடத்திட்டம் இது. ஆயினும் சமநிலை முன்னும் மிதித்தல் பின்னுமாக அமைந்த நல்ல பாடத்திட்டம்.

சிறுவர் சைக்கிளின் பின்சில்லுக்கு இருபுறமும் பூட்டப்படும் சிறு துணைச்சில்லுகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. அவை இருக்கும்வரை வண்டி சாயாது. சாயாத வண்டியிற் சமநிலையைக் கற்க முடியாது. பிள்ளை மிதிக்க மாத்திரம் பழகுகிறது. துணைச்சில்லைக் கழற்றிய நாளில், முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. அண்மைக் காலத்தில் பெடலில்லாத சிறு சைக்கிள்கள் பல நாடுகளிற் பரவியுள்ளன. போர்த்துக்கல் நாட்டு ஆராய்ச்சியாளர் 2022 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அத்தகைய வண்டியிற் பழகிய பிள்ளைகள் சராசரியாக நான்கு வயதளவிலும், துணைச்சில்லோடு பழகியோர் ஆறு வயதளவிலும் தனியே ஓடத் தொடங்கினர் எனக் கண்டனர். டிறைஸின் வண்டி இருநூறு ஆண்டுகளின் பின் குழந்தைகளிடம் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கெனப் புதிய வண்டி வாங்க வேண்டியதில்லை. உள்ள சைக்கிளின் இரு பெடல்களையும் கழற்றிவிடலாம். இடப் பெடலின் புரி மறுபக்கம் திரும்புவதாகையால், சைக்கிள் திருத்துபவரிடம் கொடுப்பது நன்று. இருந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் முழுதாகப் படியுமாறு இருக்கையைப் பதித்துவிடுக. "வளர்ந்தாலும் உதவும்" என்று பெரிய சைக்கிளை வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும்; ஆயின் கால் எட்டாத பிள்ளையின் மனத்தில் அச்சமே முதலில் ஏறி அமரும். மணலொழுங்கை ஆகாது, மணல் சில்லைப் பற்றி இழுக்கும். இறுகிய நிலமும், இலேசான சரிவும், மாலை வேளையில் ஆளொழிந்த மைதானமும் உகந்தவை. முதலில் நடக்கட்டும்; பின் உந்தி ஓடட்டும்; பின் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு பத்து யார் தூரம் வழுக்கிச் செல்லட்டும். பிறேக் பிடித்து நிற்பதையும் இந்நிலையிலேயே பழக்கிவிட வேண்டும்; நிற்கத் தெரிந்த பிள்ளையே ஓடத் துணியும். வளைவுகளிலும் தடுமாறாது வழுக்கிச் செல்லுமாயின், அன்று பெடலைப் பூட்டலாம். அநேக பிள்ளைகள் அதன்பின் விரைவில் மிதித்து ஓடிவிடும்.

இனி, பிடித்துவிடுபவரின் கையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஹாண்டிலைப் பிடிப்பது பெரும் பிழை. திருத்த வேண்டிய கை பிள்ளையுடையது. இருக்கையை இறுகப் பற்றுவதும் பிழையே. சாய்வை நாம் தாங்கினால் பிள்ளைக்குச் சாய்வே தெரியாது. தோளிலோ முதுகிலோ இலேசாகக் கை வைத்து உடன் ஓடுவதே போதும். விடுவதற்குரிய வேளையைப் பிள்ளையின் உடலே சொல்லும்: முறுகிய தோள் தளரும், சில்லை நோக்கிய கண் நிமிர்ந்து தூரத்தை நோக்கும். அப்பொழுது கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் விடுவது கொடுமை. அதற்குப் பின்னும் விடாதிருப்பது வேறொரு கொடுமை. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை இங்கே கொண்டுவருவோர் உளர். ஏசப்பட்ட பிள்ளையின் உடல் விறைக்கும். விறைத்த உடலுக்குச் சமநிலை வாய்க்காது. விழுந்த பிள்ளையிடம், "அயலவன் மகன் உன்னிலும் சின்னவன், ஓடுகிறானே" என்று சொல்வதைப் போலத் தீங்கான பாடம் பிறிதில்லை.

பெண்பிள்ளைகளின் விஷயத்திற் சில வீடுகள் இன்னமும் தயங்குகின்றன. யாழ்ப்பாணத்து வீதிகளில் காலை வேளையில் வெள்ளைச் சீருடையோடு சைக்கிளிற் செல்லும் மாணவிகளைக் கண்டும் தயங்குவது பொருந்தாது. தமிழ்நாட்டிற் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990 களின் முற்பகுதியில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் பெண்களுக்குக் கற்பித்தது. வளர்ந்த பெண்கள் பல்லாயிரவர் பழகினர். சந்தைக்கும் வேலைக்கும் செல்லப் பிறர் வரவைக் காத்திருந்த நிலை மாறிற்று. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பர். ருஷிய எழுத்தாளர் டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 1895 இல், அவரது அறுபத்தேழாம் வயதில். பருவம் தவறிற்றே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் ஓடத் தெரிவது வேறு, வீதி தெரிவது வேறு. வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து மதிப்பிடும் ஆற்றல் சிறு பிள்ளைகளிடம் முதிர்ந்திருப்பதில்லை. ஆறு வயதில் முற்றத்தில் அழகாக ஓடும் பிள்ளையைப் பத்து வயதளவு வரை பெரியோர் துணையின்றிப் பெருவீதிக்கு விடலாகாது. இடப்பக்கம் ஓடுதல், திரும்புமுன் பின்னே பார்த்துக் கை காட்டுதல், ஒழுங்கை வாயிலில் நின்று நோக்குதல் ஆகிய மூன்றையும் பெற்றோர் உடன் ஓடிப் பழக்க வேண்டும். தலைக்கவசம், பிறேக், மணி, இரவில் விளக்கு என்பவற்றை ஆடம்பரமாகக் கருதுதல் தகாது.

1990 களில் வடபகுதிக்கு எரிபொருள் வரத் தடையிருந்த ஆண்டுகளில், நோயாளியையும் விறகையும் புத்தகத்தையும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. 2022 இல் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் மக்கள் அதனையே மீண்டும் நாடினர். எனினும் இன்று பாடசாலைக்கும் தனியார் வகுப்புக்கும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லப்படும் பிள்ளைகள் பலர். தாமாக ஒரு மைல் சென்றறியாதவர்களும் அவர்களுள் உளர். ஒரு பிள்ளை தன் வலிமையால், தன் தீர்மானத்தால், வீட்டுப் படலையைத் தாண்டிச் செல்லும் முதற் பயணம் பெரும்பாலும் சைக்கிளிலேயே நிகழ்கிறது. அதனைச் சில மாலை நேரங்களின் செலவிற் பெற்றோர் கொடுத்துவிடலாம். வருகின்ற விடுமுறையில் அம்மாலைகளை ஒதுக்கி வைப்பார்களாக.