அம்பிகாபதியும் அமெரிக்க ஆசையும்

1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’ படத்தை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் தெரியாதவர். வசனம் எழுதியவர் இளங்கோவன். கம்பர் மகன் அம்பிகாபதியாக எம். கே. தியாகராஜ பாகவதரும், சோழ இளவரசி அமராவதியாக எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தனர். அக்காலத் தமிழ்ப் படங்களில் அரிதான நெருக்கத்தோடு காதல் காட்சிகள் அமைந்தன.

இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. புலவன் மகன் அரசன் மகளை விரும்புகிறான். சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல் பாடினால் அவள் கிடைப்பாள். தவறினால் தலை போகும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே எட்டிப் பார்க்கிறாள். அவன் அவள் அழகைப் பாடிவிடுகிறான். தடுத்தது அந்தஸ்து; எண்ணிக்கைப் பிழை வெறும் சாக்குதான்.

அமெரிக்காவில் தியோடர் டிரைசர் 1925-இல் எழுதிய ‘ஆன் அமெரிக்கன் டிராஜடி’ நாவலிலும் ஏழை இளைஞன் ஒருவன் பணக்கார அழகியிடம் மயங்குகிறான். அவனால் கருவுற்ற தொழிலாளிப் பெண் ஏரியில் மூழ்கி இறக்கிறாள். அவனுக்கு மின்சார நாற்காலி. 1951-இல் இதை ‘எ பிளேஸ் இன் தி சன்’ என்று படமாக்கினார் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ்; அந்த அழகி எலிசபெத் டெய்லர். சோழ நாட்டில் மதில் கண்ணுக்குத் தெரிந்தது. டிரைசரின் நாயகனுக்கோ கதவு திறந்திருப்பதாகவே தோன்றியது.

அம்பிகாபதி கதை 1957-இல் சிவாஜி கணேசன், பானுமதி நடிப்பில் மீண்டும் திரைக்கு வந்தது.