யென்சனின் உத்தி

டென்மார்க்கின் கணினி வரலாறு என்றதும் டூரிங் விருது பெற்ற பீட்டர் நௌரைச் சொல்வார்கள். அவரோடு சேர்ந்து உழைத்த யோர்ன் யென்சனை அதிகம் பேர் அறிய மாட்டார்கள். அறிய வேண்டிய மனிதர்.

கோபன்ஹேகனின் ரெக்னெசென்ட்ராலன் நிறுவனம் கட்டிய கணினி கியர். அதன் உள் நினைவகத்தில் 1,024 சொற்களுக்குத்தான் இடம். நம் கைப்பேசியிலுள்ள ஒரு சின்னப் படம்கூட அதில் அடங்காது. அந்த இடத்துக்குள் 1962இல் அல்கால் 60 என்ற நிரல் மொழியின் கம்பைலரை, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை, ஓட வைத்தார்கள் நௌரும் யென்சனும். முழுதாக ஏற்ற வழியில்லை. காந்த உருளையிலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள்.

அதே அல்கால் 60 மொழியில் யென்சன் பெயரிலேயே ஓர் உத்தி உண்டு. ஒரு கோவையின் விடையை அனுப்பாமல், கோவையையே செயல்முறைக்குள் அனுப்புவது. உள்ளே எண் மாற மாற, கோவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என நூறில் ஒன்று வரை கூட்ட வேண்டுமா? வர்க்கங்களைக் கூட்ட வேண்டுமா? கோவையை மட்டும் மாற்றினால் போதும், கூட்டும் நிரல் ஒன்றேதான். எவ்வளவு அழகான யோசனை! இன்று ஒரு சார்பையே இன்னொரு சார்புக்குள் அனுப்பி நிரல் எழுதும் முறை இதற்கு நெருங்கிய உறவு.