சர்க்கஸ் ரயில் அடுத்து எந்த ஊருக்குப் போகும்?

சர்க்கஸ் பற்றிய பலகை விளையாட்டு என்றால் பெட்டியின் மேல் யானையும் கோமாளியும் ஊஞ்சலில் தொங்கும் பெண்ணும் வரையப்பட்டிருப்பார்கள். விளையாட உட்கார்ந்தால் முன்னால் விரிவது ஊர்களின் வரைபடம். கூடவே சம்பளக் கணக்கு. டாம் டெக்கர் வடிவமைத்து, 2010இல் அமெரிக்காவின் விக்டரி பாயின்ட் கேம்ஸ் வெளியிட்ட ‘சர்க்கஸ் ட்ரெய்ன்’ இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. வித்தை காட்டும் வேலை அதில் யாருக்கும் இல்லை. ஆளுக்கொரு சர்க்கஸ் கம்பெனி, எல்லோரும் முதலாளிகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் அதை ஒட்டிய கனடாவிலும் ரயிலில் சுற்றி, யார் அதிகப் புகழும் புள்ளியும் சேர்க்கிறார்கள் என்பதுதான் போட்டி.

ஆட்டம் இப்படிப் போகும். உங்கள் முறை வரும்போது ஒரு சீட்டைப் போடுகிறீர்கள். ரயில் எவ்வளவு தூரம் போகலாம், போன இடத்தில் என்ன செய்யலாம் என்பது அந்தச் சீட்டிலேயே இருக்கும். வேலை தேடி நிற்கும் கலைஞரைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது கூடாரம் அடித்துக் காட்சி நடத்தலாம். தனக்கு எந்த வித்தை பிடிக்கும் என்பதை ஒவ்வோர் ஊரும் முன்பே அறிவித்திருக்கும். ஓர் ஊர் யானை கேட்கும், இன்னோர் ஊர் குதிரையும் கழைக்கூத்தும் கேட்கும். கேட்டது உங்களிடம் இருந்தால் நல்ல வரும்படி, இல்லாவிட்டால் குறைவு. மாத முடிவில் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கையில் காசு இல்லையென்றால் ஆட்களை இழக்க வேண்டியதுதான்.

விதிகள் இவ்வளவு எளிமையாக இருந்தாலும் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. ஆள் நிறைய வைத்திருந்தால் எந்த ஊருக்கும் போகலாம். ஆனால் மாதக் கடைசியில் சம்பளமே எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆளைக் குறைத்தால் செலவு மிச்சம். ஆனால் உங்களுக்கு ஏற்ற ஊர் மூன்று நாள் பயணத் தொலைவில் இருக்கும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் போட்டிக் கம்பெனி அங்கே காட்சியை முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும். இந்த ஆட்டத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் மோசமான கலைஞர்களால் தோற்பதில்லை, தவறான வழியால் தோற்கிறார்கள்.

அமெரிக்க சர்க்கஸின் உண்மைக் கதையும் இதுதான். அதனால்தான் விளையாடுவதற்கு முன் அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

ரயிலுக்கு முன்னால் சர்க்கஸ் குதிரை வண்டிகளில் போனது. இரவு முழுக்கச் சேற்றுச் சாலையில் போனாலும் 10, 15 மைல்தான் கடக்க முடியும். ஆகவே வழியில் இருக்கும் சிறிய கிராமத்தில்கூட இறங்கிக் காட்சி நடத்தியாக வேண்டும், அங்கே கூட்டம் வருமோ வராதோ. எங்கே போவது என்று முடிவு செய்தது சாலைதான். முதலாளிக்கு அதில் பெரிய பங்கு இல்லை. 1869இல் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை முழுமையடைந்தது. 1871இல் பி.டி. பார்னம் என்ற பெரும் விளம்பரக்காரர், வில்லியம் கேமரன் கூப், டான் காஸ்டெல்லோ ஆகிய இருவரோடு சேர்ந்து ஒரு சர்க்கஸ் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது முழுசாக ரயிலில் ஏறியது. பெயர் பார்னத்துடையது. ரயிலில் ஏற்றும் சிக்கலை அவிழ்த்தவர் கூப்.

சிக்கல் என்னவென்றால், கனமான சர்க்கஸ் வண்டிகளை ஒவ்வொரு ரயில் பெட்டியின் பக்கவாட்டிலும் தூக்கி ஏற்றினால் இரவு போதாது. கூடாரமும் கூண்டுகளும் திறந்த தட்டைப் பெட்டிகளில் வண்டியோடு வண்டியாகப் போக வேண்டும். கடைசிப் பெட்டியில் ஒரு சாய்தளம் வைத்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்புத் தகடு பாலமாகப் போட்டு, கயிறு கட்டிக் குதிரையால் இழுத்து, வண்டிகளை ரயிலின் ஒரு முனையிலிருந்து வரிசையாக உள்ளே ஓட்டினார்கள். மறுநாள் ஊரில் எது முதலில் தேவையோ, அதற்கேற்ற வரிசையில் ஏற்ற வேண்டும்.

முதலில் தேவைப்பட்டது சமையல் கூடாரம். நூற்றுக்கணக்கான ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு தயாராகாமல் பெரிய கூடாரத்தின் முளைக்கம்புகளை அடிக்க முடியாது. அதனால் சமையல் கூடாரமும் இழுவைக் குதிரைகளும் முதல் ரயிலில் போகும். கலைஞர்கள் உறங்கும் பெட்டிகள் கடைசி ரயிலில் நிதானமாக வரும். இரவுக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே சமையல் கூடாரத்தைச் சுருட்டி ரயிலேற்றிவிடுவார்கள். விலங்குக் கூடாரமும் பிரிக்கப்பட்டுவிடும். ஜனங்கள் கைதட்டிவிட்டு வெளியே வரும்போது, உள்ளே போகையில் பார்த்த கூடார ஊரில் பாதி அங்கே இருக்காது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், பார்னத்தின் சர்க்கஸைப் பின்னாளில் வாங்கியிருந்த ரிங்லிங் சர்க்கஸ் ஏறக்குறைய 100 பெட்டிகளை நான்கு ரயில்களாகப் பிரித்து இப்படி நகர்த்திக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் ஒரு காயை விரலால் இரண்டு ஊர் நகர்த்தும்போது, அந்த ஒரு அசைவுக்குள் இந்த உழைப்பு முழுவதும் இருக்கிறது.

கூப் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டார மக்கள் சர்க்கஸுக்கு வந்து போக, சலுகைக் கட்டணத்தில் சிறப்பு ரயில்கள் விடும்படி ரயில் கம்பெனிகளோடு ஏற்பாடு செய்தார். சிறிய ஊர்களுக்கெல்லாம் சர்க்கஸ் போக வேண்டிய தேவை குறைந்தது, சிறிய ஊர்கள் சர்க்கஸிடம் வந்தன. எந்த ஊரைத் தாண்டிப் போவது, எங்கே நிற்பது என்ற கேள்வி முதலாளியின் கைக்கு வந்தது அப்போதுதான்.

அதை முடிவு செய்ய ஒரு தனி ஆள் இருப்பார். எந்தப் பகுதியில் விளைச்சல் நன்றாக இருக்கிறது, எந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்று பார்த்து அவர் வழியை வகுப்பார். தெற்கு மாநிலங்களுக்கு இலையுதிர் காலத்தில் போவார்கள். பருத்தி அறுவடை முடிந்து விவசாயி கையில் பணம் புழங்கும் காலம் அது. பிறகு குளிர்கால முகாம். பார்னத்துக்குக் கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்; ரிங்லிங் சகோதரர்களுக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ; 1927 முதல் ஃபுளோரிடாவின் சரசோட்டா. ரயில் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னரே விளம்பரப் பெட்டி ஒன்று போகும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் அதிலேயே தங்கி, இலவச டிக்கெட் கொடுத்து விவசாயிகளின் களஞ்சியச் சுவரையெல்லாம் பிடித்துவிடுவார்கள். காட்சிக்கு ஒரு நாள் முன்னால் வேறொருவர் போய், மைதானம் காய்ந்திருக்கிறதா, குதிரைக்குத் தீனி வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

போட்டியும் இந்த வழியில்தான் நடந்தது. எதிரிக் கம்பெனி முந்திக்கொண்டு ஓர் ஊருக்கு வந்தால், ‘பெரிய சர்க்கஸ் வருகிறது, பொறுத்திருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டி ஜனங்களின் காசைப் பூட்டி வைக்கப் பார்ப்பார்கள். பார்னத்துக்கும் போட்டி சர்க்கஸ் முதலாளி ஆடம் ஃபோர்பாவுக்கும் இடையில் இது உச்சத்துக்குப் போனது. 1884இல் பார்னம் வெள்ளை யானை கொண்டுவந்தார். ஃபோர்பா ஒரு யானைக்கு வெள்ளையடித்து, அதையும் வெள்ளை யானை என்று காட்டினார். பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து, இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு என்று எல்லை பிரித்துக்கொண்டார்கள். சண்டையைவிட ஒப்பந்தம் லாபம் என்று இருவருக்குமே புரிந்திருந்தது. ஃபாபியோ லோபியானோவும் ரெமோ கொன்சாடோரியும் வடிவமைத்து, 2023இல் டெவிர் வெளியிட்ட ‘3 ரிங் சர்க்கஸ்’ இந்தக் காலத்தைப் பிடித்திருக்கிறது. அதில் பார்னத்தின் சர்க்கஸ் தனியாக அமெரிக்க வரைபடத்தில் நகரும். சிறிய கம்பெனிகளான நீங்கள் அதன் போக்கைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

வழி வகுப்பதில் நடந்த தவறுகளில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது ஜேம்ஸ் பெய்லியினுடையது. பார்னம் 1891இல் இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளியான பெய்லி, உலகின் மிகப் பெரிய சர்க்கஸ் ஒன்றின் நிர்வாகி. 1897 கடைசியில் அவர் முழுக் கம்பெனியையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அங்கே பெரும் வரவேற்பு. காட்சிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1902 வரை அவர் திரும்பவில்லை. 1884இல் பராபூவில் வண்டி சர்க்கஸாகத் தொடங்கி, 1890இல் ரயிலுக்கு மாறிய ரிங்லிங் சகோதரர்கள் அந்த இடைவெளியில் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டார்கள். 1906இல் பெய்லி இறந்தார். 1907இல் சகோதரர்கள் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸையே விலைக்கு வாங்கினார்கள். 1919இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பெய்லியின் கலைஞர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. அவர் விட்டுப்போன ஊர்களில் வேறொருவர் கூடாரம் அடித்துவிட்டார், அவ்வளவுதான்.

சம்பளத்துக்கும் வரலாறு இருக்கிறது. கூடாரம் அடிக்கும் தொழிலாளி பாதியில் ஓடிப்போகாமல் இருக்க, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துப் பருவத்தின் கடைசியில் தருவது சர்க்கஸ்களின் வழக்கம். 1938இல் வருமானம் விழுந்தபோது ரிங்லிங் நிர்வாகம் சம்பளத்தைக் கால் பங்கு குறைக்க முனைந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரிலேயே அந்த ஆண்டுப் பயணம் நின்றுபோய், ரயில்கள் சரசோட்டாவுக்குத் திரும்பின. ‘சர்க்கஸ் ட்ரெய்ன்’ ஆட்டத்தின் மாதக் கடைசி நெருக்கடி கற்பனையல்ல.

பலகையில் வராதவையும் உண்டு. 1918 ஜூன் 22 விடியலுக்கு முன், இண்டியானாவின் ஹாமண்ட் அருகே நின்றிருந்த ஹாகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயிலின் பின்னால் ஒரு காலி ராணுவ ரயில் மோதியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 86 பேர் இறந்தார்கள். சில நாட்களிலேயே அந்தச் சர்க்கஸ் மறுபடி காட்சி நடத்தியது. போட்டிக் கம்பெனிகள் தங்கள் ஆட்களையும் சாமான்களையும் அனுப்பி உதவியதால்தான் அது முடிந்தது. எதிராளிக்குக் கைகொடுக்க ஒரு விதியும் இந்த விளையாட்டுகளில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். யானை வெறும் காயாக வருவதும் உறுத்துகிறது. ரிங்லிங் 2016இல் யானைகளுக்கு ஓய்வு கொடுத்து, 2017இல் மூடி, 2023இல் விலங்குகளே இல்லாமல் திரும்பி வந்தது. பிள்ளைகளோடு விளையாடுபவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்.

முதல் ஆட்டத்துக்குச் சில யோசனைகள். தொடக்கத்தில் விலையுயர்ந்த வித்தையைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு மூன்று ஒரே வித்தையைக் கேட்கின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள்; கேட்டால் அதையே சேருங்கள். எதிராளி எங்கே நிற்கிறார் என்பதைவிட, அங்கிருந்து அடுத்த முறை எங்கே போக முடியும் என்று கணக்குப் பண்ணுங்கள். சம்பளக் காசை மாதத் தொடக்கத்திலேயே மனதில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி மாதத்தில் புது ஆளைச் சேர்க்குமுன், அவர் வித்தை காட்ட இன்னும் எத்தனை காட்சிகள் மிச்சம் என்று எண்ணுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்தக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.