குளிர்நீருக்கு ஏற்ற துடுப்பு

அந்தமானுக்குப் போய் ஸ்கூபா கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் இப்போது நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஹாவ்லாக் தீவில் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) சில நாள் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ் அட்டை. அதே பிள்ளை மேல்படிப்புக்கு ஐரோப்பா போய், "அம்மா, ஐஸ்லாந்தில் டைவ் பண்ணப் போகிறேன்" என்று போனில் சொன்னால் இங்கே பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைகிறது. இருவருக்கும் பயன்படட்டும் என்றே இந்தக் கட்டுரை.

ஐஸ்லாந்தில் திங்வெல்லிர் தேசியப் பூங்காவில் சில்ஃப்ரா என்றொரு பிளவு இருக்கிறது. வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் விலகும் இடம் அது. லாங்யோகுல் பனிப்பாறை உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி வடிகட்டப்பட்டு வருவதால், நூறு மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பம் 2 முதல் 4 டிகிரிதான். அந்தமானில் 28 டிகிரியை ஒட்டிய நீரில் பழகியவருக்கு இது வேறு உலகம்.

இங்கே உடலை நனையவிடாத 'டிரை சூட்' கட்டாயம். கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் இறுக்கி, உள்ளே கம்பளி போன்ற உடை அணிந்து, நடுவில் கொஞ்சம் காற்றையும் வைத்துக்கொள்வார்கள். அந்தக் காற்றுதான் கதகதப்பு. தொல்லையும் அதுவேதான்.

காற்று எப்போதும் மேலே இருக்கும் பக்கம் ஓடும். தலை கீழாகவும் கால் மேலாகவும் சாய்ந்தால் அத்தனையும் காலுக்குப் போய்விடும். உடையிலிருந்து காற்றை வெளியேற்றும் வால்வு பொதுவாக இடது மேற்கையில் இருக்கிறது. கால் மேலே இருக்கும்போது அந்த வழியாகக் காற்று வெளியேறாது. 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஆகவே கால் தூக்க, காற்று விரிய, ஆள் பலூன் மாதிரி மேலே போய்விடுவார். மூச்சை அடக்கியபடி அப்படி வேகமாக மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும் நோயும் வரலாம். காலில் மாட்டும் துடுப்பு, அதாவது 'ஃபின்', முக்கியமாவது இதனால்தான். வேகம் இரண்டாம் பட்சம்.

முதலில் அளவு. டிரை சூட்டின் பூட்ஸ் பெரியது, உள்ளே தடித்த காலுறையும் உண்டு. அந்தமானில் போட்ட ஃபின் இதில் நுழையவே நுழையாது. வெறுங்காலில் செருப்புப் போல் போடுவது அறவே ஆகாது. குதிகால் திறந்து பட்டையால் கட்டும் வகைதான் வேண்டும். இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் ஃபின் கழன்றுவிடும். பூட்ஸே தொளதொளவென்று இருந்தால் இன்னும் மோசம். காற்றுப் புகுந்து ஊதி, பாதம் அதிலிருந்து நழுவிவிடும். எனவே கடையில் ஷூ நம்பரைச் சொல்லி வாங்காதீர்கள். காலுறை, பூட்ஸ் இரண்டையும் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது கனம். பிளாஸ்டிக் கலந்த இலேசான ஃபின்களில் சில நீரில் மிதக்கும். ஏற்கெனவே மிதக்கும் காலுக்கு அது வேண்டாத உபகாரம். 1960-களில் வந்த 'ஜெட் ஃபின்' போன்ற தடித்த ரப்பர் ஃபின்களைக் குளிர்நீர்க்காரர்கள் இன்றும் விடாமல் வைத்திருப்பது, அவை நீரில் அமிழ்ந்து காலைக் கீழே பிடித்து வைப்பதால்தான். கணுக்காலில் ஈயக்கட்டு கட்டுவாரும் உண்டு. ஒவ்வொரு உதைக்கும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. மெலிந்த, உயரம் குறைந்த பெண்களுக்குக் கனத்த ரப்பரே காலை அதிகமாகத் தாழ்த்திவிடலாம். அவர்கள் நடுத்தரக் கனம் பார்ப்பது நல்லது.

தகடு அகலமாகவும் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் தவளை மாதிரி உதைக்கலாம், பின்னோக்கியும் நகரலாம். சில்ஃப்ராவின் ஏரிப்பகுதியில் அடியில் மென்மையான வண்டல். மேலும் கீழுமாக அடித்தால் கலங்கிவிடும். நடுவில் பிளந்த தகடு இந்த உதைக்குச் சரிவராது.

பட்டைக்கு ஸ்பிரிங் வகையே மேல். தடித்த கையுறையோடு, விரைத்த விரலால் பக்கிளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சில்ஃப்ராவுக்கு ஒரு முறை மட்டும் போகிறவர் வாங்கவே வேண்டாம். அழைத்துப் போகும் நிறுவனத்தாரே உடையும் ஃபின்னும் தருவார்கள். டிரை சூட் பயிற்சியோ அனுபவமோ உண்டா என்றும் கேட்பார்கள். தண்ணீரில் இறங்குமுன் இரண்டு அளவுகளை மாட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம் என்று மட்டும் பிள்ளையிடம் போனில் சொல்லி வையுங்கள்.