மணிக்கூண்டில் கூடு, கூட்டில் கேமரா: நகரத்து வல்லூறுகளை ஏன் இவ்வளவு கண்காணிக்கிறார்கள்?

ஆபீஸ் லேப்டாப்பில் திறந்திருக்கும் பத்து டேப்களில் ஒன்றில், ஒரு பறவை சத்தமில்லாமல் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள கேம்பனீல் மணிக்கூண்டு நேரலையின் ரசிகர்களுக்கு இது பழகிய காட்சி.

சுமார் 94 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்துக்கு, 2016 இறுதியில் ஒரு ஜோடி பொரி வல்லூறுகள் (பெரெக்ரின் ஃபால்கன்) வந்து சேர்ந்தன. பெண்ணுக்கு ஆனி, ஆணுக்கு கிரின்னெல் என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் கேமராவும் வந்தது. சரி, கண்காணிப்பு என்றால் கேமரா வைத்துப் பார்ப்பது மட்டும்தானா?

காட்டுப் பறவைக்கு நகரத்தில் என்ன வேலை?

பொரி வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்தான பாறை விளிம்பில், சரளையில் சின்னதாக ஒரு குழி பறித்து முட்டையிடும். உயரமான கட்டடமும் அதன் கணக்கில் பாறைதான். சாப்பாட்டுக்குக் கீழேயே புறாக்கள். ஒரே சிக்கல், கான்கிரீட்டில் சரளை கிடையாது, முட்டை உருண்டுவிடும். 2017-ல் ஆனி ஒரு மணல் மூட்டை மேல் முட்டையிட்டது. அதனால் சரளை நிரப்பிய பெட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள்.

ஏன் இந்த அக்கறை?

டிடிடி பூச்சிக்கொல்லி இரை வழியாக வல்லூறுகளின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கும் நிலை. 1970 வாக்கில் கலிஃபோர்னியா முழுக்கக் கூடு கட்டுவதாகத் தெரிந்தது இரண்டே ஜோடிகள்தான். 1972-ல் அமெரிக்கா டிடிடி-யைத் தடை செய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளையும் வெளியே விட்டார்கள். 1999-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் தேசியப் பட்டியலிலிருந்து பொரி வல்லூறு நீக்கப்பட்டது. எண்ணிக்கை மீண்டது, மறுபடி சரிகிறதா என்பதைக் கூடுகளைத் தொடர்ந்து கவனித்தால்தான் சொல்ல முடியும்.

காலில் வளையம் எதுக்கு?

முட்டை பொரிய ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகும். குஞ்சு சுமார் 40 நாளில் பறக்கும். அதுவரை யார் அடைகாக்கிறார்கள், என்ன இரை வருகிறது, எத்தனை குஞ்சுகள் தேறுகின்றன என்பதையெல்லாம் கேமரா காட்டும். குஞ்சு பறந்துவிட்டால் கேமராவின் வேலை முடிந்தது.

அங்கிருந்து வளையத்தின் வேலை. சுமார் மூன்று வாரத்தில் குஞ்சின் கால் முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். அதற்கு முன் போட்டால் வளையம் கழன்றுவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால், மனிதர்களைப் பார்த்துப் பயந்து குஞ்சு கீழே குதித்துவிடும். அந்தச் சில நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பலன்? 2018-ல் இங்கே பிறந்த லாரன்சியம் என்ற குஞ்சு, வளர்ந்து அல்கட்ராஸ் தீவில் கூடு கட்டியிருப்பது வளையத்தால்தான் தெரிந்தது.

ஆபத்து என்றால் தலையிடுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். ஆனால் ஆபத்து கட்டடத்தாலோ வாகனத்தாலோ வந்தால் கதை வேறு. 2017-ல் பறக்கத் தொடங்கிய லக்ஸ் என்ற குஞ்சு, பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி இறந்தது. முதல் பறத்தல் நாட்களில் தன்னார்வலர்கள் பைனாகுலரோடு கீழே நிற்பது இதனால்தான். குஞ்சு தரையிறங்கித் தவித்தால் உடனே உதவலாம்.

2022 மார்ச் 31 அன்று, கூட்டில் முட்டைகள் இருந்த நேரத்தில், கிரின்னெல் இறந்து கிடந்தது, வாகனம் மோதியதாகக் கருதப்படுகிறது. தனி ஆளாக அடைகாத்து இரையும் தேடுவது ஆனிக்கு முடியாத காரியம். ஆனால் சில மணி நேரத்திலேயே ஒரு புதிய ஆண் வல்லூறு வந்து, முன்பின் தெரியாத முட்டைகள் மேல் உட்கார்ந்தது. மே மாதம் குஞ்சுகள் வெளிவந்தன. அந்த ஆணுக்கு ஆல்டன் என்று பெயர். கேமரா இல்லையென்றால், அப்பா மாறிய கதையே யாருக்கும் தெரிந்திருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் வாழும் ஷாஹீன், பொரி வல்லூறின் ஒரு துணையினம். பெரும்பாலும் பாறைகளில்தான் கூடு கட்டும். குளிர்காலத்தில் வலசை வரும் பொரி வல்லூறுகள் நகரத்து உயரக் கட்டடங்களிலும் டவர்களிலும் உட்காரும். உங்கள் ஆபீஸ் மாடியில் ஒன்றைப் பார்த்தால், கால்களும் தெரிகிற மாதிரிப் படமெடுத்து இ-பேர்டு தளத்தில் ஏற்றுங்கள். கூடு என்றால் கிட்டே போக வேண்டாம், ட்ரோனும் வேண்டாம்.