பனிக்கு அடியில் ஒரு பள்ளம்
பனியாறுகளின் விதியை வெப்பம் மட்டும் எழுதுவதில்லை, மலையும் எழுதுகிறது

2023 அக்டோபர் 3 இரவு. வடக்கு சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கவாட்டு மண்மேடு சரிந்தது. எழுந்த பேரலை கரையை உடைத்தது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

1970களில் அது சிறு ஏரிதான். அதை வளர்த்ததில் மலைக்கும் பங்கு உண்டு. வளர்ந்த காலத்தில் பனியாறு பாறையைக் குடைந்து கிண்ணமாக்கியது. முன்னால் கல்லும் மண்ணும் குவித்தது. வெப்பம் கூடி அது பின்வாங்கியதும் கிண்ணத்தில் நீர் தேங்கியது. நீரைத் தொடும் பனி அடியில் உருகி, துண்டு துண்டாக உடையும். ஏரி பெருகப் பெருக, பின்வாங்கலும் வேகமெடுக்கும்.

உத்தரகண்டின் கங்கோத்ரி கதை வேறு. சுமார் 30 கி.மீ. நீளமான இந்தப் பனியாறு சௌகம்பா சிகரங்களின் அடிவாரத்தில் பிறக்கிறது. செங்குத்துச் சுவர்களிலிருந்து சரியும் பனி அதற்குத் தீனி. அதே சுவர்கள் உதிர்க்கும் கற்கள் கீழ்ப்பகுதியைப் போர்த்தியிருக்கின்றன. மெல்லிய கல்படலம் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். கனத்த போர்வையோ வெயிலைத் தடுக்கும். ஆனாலும் கோமுகம் பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது. அணைக்கு இடம் தேடுவோர் மேலே உள்ள பனிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். நாளைய ஏரிகளுக்கான பள்ளங்கள் அங்கேதான் மறைந்திருக்கின்றன.